பேய்க்குக் குத்து விழுமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். நீங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பு ஆடுகிறீர்கள் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு). உங்கள் பாத்திரம் நான்காம் லெவல் மங்க், அதாவது ஆயுதம் எடுக்காமல் கைகால்களையே நம்பி வாழ்கிற துறவி. நிலவறையில் இரண்டு ‘ஷேடோ’, அதாவது தொட்டே பலத்தைத் தின்னும் உடலற்ற நிழல்பேய்கள், வந்தன. எத்தனை தடவை குத்தியும் உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) "கை காத்துல போகுது" என்றே சொன்னார். "எனக்குத்தான் கி ஸ்டிரைக் இருக்கே" (வெறுங்கை அடியை மந்திர அடியாக்கும் மங்கின் திறன்) என்றதற்கு, "அது டேமேஜ் ரிடக்‌ஷனுக்கு மட்டும்" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டிவிட்டார் (சில பிராணிகள் தாங்கள் வாங்கும் அடியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் குணம்தான் இந்த டேமேஜ் ரிடக்‌ஷன்). சண்டை முடிந்தபோது உங்கள் பலம் 14-இலிருந்து 5-க்கு வந்திருந்தது. ஐந்தாம் பதிப்பு ஆடும் நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க டேபிள்ல மங்க் பேயை அடிக்கலாமே" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "அப்ப நான் அங்க என்னதான் செஞ்சிருக்கணும்?" என்று இருக்கிறதே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேசிய சேவை முடிந்த கையோடு டிஎம் ஆனவன் நான். பதினேழு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையைப் பிடித்துவைத்து ஆட்டம் நடத்துகிறேன். முதலில் 3.5, பிறகு அதிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் ஆட்டம், இப்போது பெரும்பாலும் ஐந்தாம் பதிப்பு. உங்கள் மேசையில் நடந்ததை ஒரு பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன். டிஎம் தன் உலகத்துக்கென்று ஏதாவது விதியை மாற்றி, அதை முன்கூட்டியே சொல்லியும் இருந்தால், கீழே நான் எழுதுவதில் பாதி செல்லாது.

இந்தச் சண்டை ஒவ்வொரு மேசையிலும் வருவதற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். கை அதன்மேல் படுமா, பட்டால் அதற்கு வலிக்குமா, பிடித்தால் அது நிற்குமா? ஒவ்வொரு பதிப்பும் இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறது, அந்தப் பதில்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்கின்றன. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, அவர் வேறு புத்தகத்திலிருந்து பேசுகிறார், அவ்வளவுதான்.

3.5-இல் சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷேடோ போன்ற உடலற்ற பிராணியைச் சாதாரண ஆயுதம், சாதாரணக் கை எதுவும் தொடாது. அதைக் காயப்படுத்தக்கூடியவை நான்கு: இன்னொரு உடலற்ற பிராணி, மந்திர ஆயுதம், மந்திர ஆயுதம்போல் அடிக்கிற பிராணி, மந்திரமும் அதைப் போன்ற இயற்கை மீறிய சக்திகளும். இவற்றில் ஒன்றால் அடித்தாலும், அடிப்பவருக்கு உடல் இருந்தால், விழுந்த அடி வீணாகப் போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. அந்தப் பாதிக்கணக்கு செல்லாத விதிவிலக்குகளில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு: மேஜிக் மிசைல் போன்ற ஃபோர்ஸ் (அதாவது விசையாலான) மந்திரங்கள், ‘கோஸ்ட் டச்’ என்ற பேயைத் தொடும் சக்தி ஏற்றிய ஆயுதம்.

என் மேசையில் இந்த 50 சதவீதத்துக்கு நாங்கள் பகடை உருட்டுவதில்லை. சிங்கப்பூரின் ஒரு டாலர் நாணயத்தைச் சுண்டுவோம். மெர்லயன் (சிங்கத்தலை மீன்) பொறித்த பக்கம் மேலே விழுந்தால் அடி பட்டது, இன்னொரு பக்கம் விழுந்தால் கை காற்றில் போனது. இருபது முகப் பகடையில் 18 போட்டுக் குதித்தவன் நாணயத்தைப் பார்த்து முகம் தொங்கிப் போவதை நேரில் பார்த்தால்தான் இந்த விதியின் சுவை தெரியும். ஒருமுறை நாணயம் உருண்டு வடிகாலில் விழுந்துவிட்டது. அடி பட்டதா இல்லையா என்று இன்றுவரை தீர்ப்பு இல்லை.

இனிச் சந்தேகமான பகுதி. நான்காம் லெவலில் மங்குக்குக் கி ஸ்டிரைக் வருகிறது. உங்கள் டிஎம் காட்டிய வரி உண்மையிலேயே அங்கே இருக்கிறது: டேமேஜ் ரிடக்‌ஷன் உள்ள பிராணிகளைக் காயப்படுத்தும் பொருட்டு அந்த வெறுங்கை அடிகள் மந்திர ஆயுதமாகக் கருதப்படும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஷேடோவுக்கு டேமேஜ் ரிடக்‌ஷன் கிடையாது. எனவே எழுத்துக்கு எழுத்துப் படித்தால் அவர் பக்கம் வலுவாகத்தான் நிற்கிறது. அவரை அநியாயக்காரர் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் நான் மாற்றித்தான் தீர்ப்பளிப்பேன். உடலற்ற பிராணிகளின் விதியில் "மந்திர ஆயுதம்போல் அடிக்கிற பிராணிகள்" என்று ஒரு வகை தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. யார் அந்த வகை என்று தேடிப் பார்த்தால், தனக்கே மந்திரத்தால் மட்டும் உடையும் டேமேஜ் ரிடக்‌ஷன் உள்ள பிராணிகள் வருகின்றன. அவற்றின் நகமும் பல்லும் மந்திரமாகக் கருதப்படுவதும் டேமேஜ் ரிடக்‌ஷனைத் தாண்டும் பேச்சில்தான் சொல்லப்படுகிறது. உங்கள் டிஎம்மின் கண்டிப்பை அங்கேயும் காட்டினால் அந்த வகையில் அநேகமாக யாருமே மிஞ்சமாட்டார்கள், அந்த வரி வெறும் அலங்காரமாகிவிடும். எழுதியவர்கள் மங்கையும் மனதில் வைத்துத்தான் எழுதினார்கள் என்பது என் கணிப்பு. இது கணிப்புதான், நிரூபணம் அல்ல. இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில், பலம் போய்க்கொண்டிருக்கும்போது வாதாடாமல், அடுத்த ஆட்டத்துக்கு முன் தனியாகக் கேளுங்கள்.

டிஎம் மசியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. மேஜிக் வெப்பன் என்ற முதல் லெவல் மந்திரத்தை இயற்கை ஆயுதங்கள்மேல் போட முடியாது, சாதாரண ஆள் வீசும் வெறுங்கை அடியும் அந்தக் கணக்கில் வந்துவிடும். ஆனால் மங்கின் வெறுங்கை ஆயுதமாகவே கருதப்படும், அதன்மேல் போடலாம் என்று அந்த மந்திரத்தின் விளக்கத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. குழுவில் மந்திரவாதியோ பூசாரியோ இருந்தால் ஒரு நொடி வேலை. ட்ரூயிட் இருந்தால் மேஜிக் ஃபேங். இதற்கு மேல் கி ஸ்டிரைக் பேச்சே தேவையில்லை, உங்கள் கை +1 மந்திர ஆயுதம், கதை முடிந்தது. நாணயம் சுண்டுவது மட்டும் தப்பாது.

இங்கே ஒரு கொசுறு. மங்க் அல்லாத போர்வீரன் மேஜிக் ஃபேங்கைக் கையில் ஏற்றிக்கொண்டு குத்தப் போனால் ஏமாறுவான். 3.5-இல் பழகாதவனின் குத்து உயிர்போகாத அடி வகை, ஷேடோ போலச் செத்தும் நடமாடுகிறவற்றுக்கு அந்த வகை அடி ஏறவே ஏறாது. உயிர்போகும் அடியாக மாற்ற வேண்டுமானால் தாக்கும்போது 4 கழித்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் பேய்க்கு வலித்ததாகக் கணக்குப் போட்ட மேசைகள் ஏராளம், என்னுடையதும் சேர்த்து.

இப்போது கணக்கு. உங்கள் டிஎம் சம்மதித்திருந்தால் மட்டும் நீங்கள் ஜெயித்திருப்பீர்களா? ஷேடோவின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 13, உயிர்ப்புள்ளி சராசரியாக 19. பலம் 14 உள்ள நான்காம் லெவல் மங்க் ஒரு குத்து விட்டால் தாக்கு (இருபதுமுகப் பகடையோடு கூட்டுவது) +5, ஆக 65 சதவீதம் பட வேண்டும். எட்டுமுகப் பகடையும் 2-உம் சேர்த்துச் சராசரி அடி 6.5. அதில் பாதி நாணயத்தில் போகும். ஒரு குத்துக்கு இரண்டு புள்ளி சொச்சம், அதாவது ஒரு நிழலைச் சாய்க்க ஏறத்தாழ ஒன்பது குத்து. ஃப்ளரி போட்டு ஒரு சுற்றில் இரண்டு குத்து விட்டால் ஐந்தாறு சுற்று ஆகும். பரவாயில்லை போலத் தோன்றும்.

ஆனால் அது சும்மா நிற்கப்போவதில்லையே. ஷேடோவின் தொடுகை உயிர்ப்புள்ளியைத் தொடுவதில்லை, ஒரு தொடுகைக்கு ஒரு ஆறுமுகப் பகடை அளவு பலத்தைத் தின்கிறது. உங்களைப் போலப் பலம் 5-க்கு இறங்கியவருக்கு பலத்துக்காகக் கூட்டும் எண் +2 ஆக இருந்தது -3 ஆகிவிடும். தாக்கு சைபருக்கு வரும், 13-ஐ எட்ட 40 சதவீதம்தான். அடி எட்டுமுகப் பகடையில் 3 கழித்து, குறைந்தது 1 என்று வைத்தால், சராசரி 2.25. அதிலும் பாதி காற்றில். பெருக்கிப் பாருங்கள், ஒரு குத்துக்கு 0.45. அதே நிழலைச் சாய்க்க இப்போது 42 குத்து வேண்டும். ஒன்பது எங்கே, நாற்பத்திரண்டு எங்கே! நிழல் உங்கள் உயிரைத் தின்னும் முன் உங்கள் குத்தைத் தின்றுவிடுகிறது. இதுதான் உங்களுக்கு அங்கே நடந்தது. விதித் தகராறில் ஜெயித்திருந்தாலும், தொட்ட இடத்தில் நின்றுகொண்டு மாற்றி மாற்றிக் குத்தியிருந்தால் முடிவு அநேகமாக இதேதான். பலம் சைபருக்குப் போனால் சாவு. செத்தவர் ஒன்று முதல் நான்கு சுற்றுக்குள் தானும் ஒரு ஷேடோவாக எழுந்து கொன்றதன் பேச்சைக் கேட்பார். உங்கள் குழுவில் யாரும் அப்படிப் போகவில்லை என்பதே அதிர்ஷ்டம்.

கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மங்கின் பெருமையான ஸ்டன்னிங் ஃபிஸ்ட் இங்கே உதவாது. செத்தவை, உடலற்றவை இரண்டையும் அது மயக்காது என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். பேய்க்கு ஏது நரம்பு?

சரி, என்ன செய்திருக்கலாம்? முதலில், உங்களிடம் இருக்கிற, நீங்கள் கவனிக்காத ஒரு பலத்தைச் சொல்கிறேன். ஷேடோவின் தொடுகை இரும்புக் கவசத்தையும் கேடயத்தையும் ஊடுருவிப் போகும். முழுக்கவசம் போட்ட உங்கள் போர்வீரன் அதன் முன்னால் அம்மணமாக நிற்பதுபோலத்தான். மங்குக்கு அந்த நஷ்டம் இல்லை. உங்கள் பாதுகாப்பு வேகத்திலிருந்தும் ஞானத்திலிருந்தும் வருகிறது, இரண்டுமே தொடுகைத் தாக்குதலுக்கு எதிராகவும் முழுசாக நிற்கும். அதன்மேல் மந்திரவாதியை மேஜ் ஆர்மர் போடச் சொல்லுங்கள். அது ஃபோர்ஸ் வகை என்பதால் உடலற்ற கையையும் தடுக்கும், +4. நான்காம் லெவல் மந்திரவாதி போட்டால் நான்கு மணி நேரம் நிற்கும். பெரும்பாலான குழுக்களில் மந்திரவாதி அதைத் தனக்கே போட்டுக்கொள்வான். பேய் இருக்கிற இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தால் முன்னால் நிற்கிற மங்குக்குப் போடுவதுதான் லாபம். நீங்கள் நிழலைத் தடுத்து நிறுத்த, அவன் பின்னாலிருந்து மேஜிக் மிசைல் விடட்டும். அதற்கு நாணயமும் வேண்டாம், தாக்குப் பகடையும் வேண்டாம்.

அடுத்தது புனித நீர். குப்பி 25 பொன், செத்தவைமேல் இரண்டு நான்குமுகப் பகடை அடி. இதில் எல்லாரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. உடல் உள்ளதன்மேல் குப்பியை வீசி உடைக்கலாம். உடலற்றதன்மேல் வீசினால் உடைய எதுவும் இல்லை, குப்பி அந்தப் பக்கம் போய் விழும். அதனால் பக்கத்தில் போய், மூடியைத் திறந்து, அதன்மேல் ஊற்ற வேண்டும். பாதி வீணாகிற கணக்கு இதற்கும் உண்டு. ஆனால் பலம் எவ்வளவு குறைந்திருந்தாலும் குப்பியின் வேகம் குறையாது. பலம் 5-இல் நிற்கும் உங்கள் மங்குக்கு, குத்து சராசரி 2.25, குப்பி சராசரி 5. எந்தப் பக்கம் கை போக வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழல் சுவருக்குள் ஒளிந்து ஒளிந்து வந்து தொட்டதாக எழுதியிருந்தீர்கள். சுவருக்குள் இருக்கும்போது அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது கை நீட்டும் நொடியில் அந்த முழு மறைவு போய் வெறும் அரைமறைவுதான் மிஞ்சும். "அது வெளியே வந்து தொடும்போது குத்துகிறேன்" என்று ரெடி ஆக்‌ஷன் சொல்லிவைத்தால் அடிக்கலாம். ஃப்ளரி கிடைக்காது, ஒரே குத்துதான். சுவரை வெறித்துக்கொண்டு நிற்பதைவிட அது மேல். அதைவிட மேல், திறந்த வெளிக்கு ஓடிவிடுவது. மங்கைவிட வேகமாக ஓடுகிற ஆள் உங்கள் குழுவில் இல்லை, ஆனால் ஷேடோவும் 40 அடி பறக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி, பிடிப்பது. இதில் எல்லாப் பதிப்பும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன: முடியாது. 3.5-இல் உடலற்றதைப் பிடிக்கவும் முடியாது, காலை வாரிவிடவும் முடியாது, அதுவும் உங்களைப் பிடிக்காது. நான் டிஎம்மான புதிதில் இதை மதிக்கவில்லை. சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை பழகுகிற ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். "அண்ணே, நான் அது கழுத்த அமுக்குறேன்" என்றான். கையில் மந்திரம் ஏற்றியிருக்கிறதே, சுவாரசியமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பகடையும் அவனுக்கே விழுந்தது. அடுத்து பேயின் முறை. அது சுவருக்குள் போனது. கழுத்தைப் பிடித்திருக்கிற கை என்ன ஆகும்? கை சுவரில் மோதிப் பிடி விடுமா, பேய் இழுத்து நிற்குமா, கையும் உள்ளே போகுமா? இருபது நிமிடம் ஐந்து பேரும் கத்தினோம். மேல் மாடி ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "ஏழாம் மாசத்துல ராத்திரி உட்கார்ந்து பேய் பேய்னு கத்துறீங்களே" என்று திட்டிவிட்டுப் போனார் (சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பேய்கள் உலவும் காலமாம்). அன்றோடு அந்த விதிக்கு நான் பக்தன்.

நண்பரின் ஐந்தாம் பதிப்புக்கு வருவோம். 2014-இல் வந்த புத்தகத்தில் ‘உடலற்றது’ என்ற பொதுவிதியே இல்லை. சுவர் வழியே நடக்கிற குணம் தனியாக, அடியைத் தாங்கும் குணம் தனியாக என்று பிரித்துவிட்டார்கள். அங்கே பேய்மேல் யார் குத்தினாலும் படும். மந்திரம் இல்லாத அடி என்றால் பாதிதான் ஏறும். மங்குக்கு ஆறாம் லெவலில் கைகள் மந்திரமாகக் கருதப்படும், அப்போது முழு அடி. அந்த வரியில் எதிர்ப்புச் சக்தியைத் தாண்டவே என்று தெளிவாக எழுதியிருப்பதால், உங்கள் டிஎம் எழுப்பிய ஐயம் அங்கே எழாது. ஆனால் 3.5-இல் உங்களைக் காப்பாற்றுகிற மேஜிக் வெப்பன் அங்கே கைக்கு ஏறாது, ஏனென்றால் வெறுங்கை ஆயுதம் அல்ல என்று அந்தப் பதிப்பு முடிவு செய்துவிட்டது. 2024-இல் திருத்திய புத்தகத்தில் ஆறாம் லெவல் மங்க் தன் குத்தை ஃபோர்ஸ் அடியாக மாற்றிக்கொள்ளலாம், பேய் பாதியாக்குகிற வகைகளில் ஃபோர்ஸ் இல்லை. நண்பரிடம் கேளுங்கள், அவருடைய மங்க் எந்தப் புத்தகம், எந்த லெவல் என்று. ஐந்தாம் லெவல் என்றால் 2014 புத்தகத்தில் அவரும் பாதி அடிதான் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாத்ஃபைண்டர் பற்றி ஒரே மூச்சில்: 2009-இல் வந்த முதல் பதிப்பு நாணயம் சுண்டுவதை எடுத்துவிட்டு, உடல் உள்ளவர் மந்திரத்தோடு அடித்தால் எப்போதும் பாதி என்று ஆக்கியது. 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய்கள் எல்லா அடியிலும் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும், மந்திரமில்லாத அடியென்றால் இரட்டிப்பாகக் கழிக்கும். அங்கே மங்குக்கு மூன்றாம் லெவலிலேயே மந்திரக் கை வந்துவிடுகிறது, கையில் சுற்றும் பட்டையில் கோஸ்ட் டச் ரூனும் (மந்திரக் குறி) பதிக்கலாம். மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்ன புத்தகம் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். ஆனால் பயம் என்று பார்த்தால் 3.5-க்கு ஈடில்லை. நம் ஊரில் ‘பேய் அறைஞ்ச மாதிரி’ என்கிறோம். பேய் மனிதனை அறையும், மனிதன் பேயைத் திருப்பி அறைந்ததாக ஒரு பேச்சுவழக்கும் கிடையாது, வேப்பிலையால் அடித்தாலும் அடி விழுவது பேய் பிடித்தவர் மேல்தான். அந்த ஒருபக்கத் தன்மை பழைய விதியில் அப்படியே இருக்கிறது.

உங்கள் மங்க் இப்போது பலம் 5-இல் இருக்கிறார், குழு நாளைக்கே மறுபடி கீழே இறங்கப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இறங்காதீர்கள். நிழல் தின்ற பலம் நிரந்தரமாகப் போவதில்லை. இரவு எட்டு மணி நேரம் தூங்கினால் 1 திரும்பும், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் 2. நீங்கள் இழந்தது 9, ஆக ஐந்து நாள். ஹீல் திறமை உள்ள யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொண்டு பகடையில் 15-ஐ எட்டினால் நாளுக்கு 4, மூன்றே நாளில் எழுந்துவிடலாம். பூசாரி மூன்றாம் லெவலைத் தொட்டிருந்தால் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் ஒரு தடவைக்கு ஒரு நான்குமுகப் பகடை அளவு திருப்பித் தரும். அந்த மூன்று நாளில் போர்வீரனை ஊருக்கு அனுப்பிக் குப்பி வாங்கிவரச் சொல்லுங்கள். குறைந்தது ஆறு வாங்கட்டும், இரண்டு நிழலுக்கு நான்கு போதாது.